மருந்தே அடைக்கும் மூக்கு

மூக்கடைப்புக்குப் பாமசியில் வாங்கும் துளி மருந்தும் தெளிப்பு மருந்தும் தீங்கற்றவை, அடைப்பு இருக்கும்வரை அவற்றை விட்டுக்கொள்வதில் பிழையில்லை, ஆண்டுக்கணக்கில் விடுவோர் தமது நோயின் கடுமையினாலேயே அப்படிச் செய்கிறார்கள் என்ற கருத்து, மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தை வரை கொழும்புத் தமிழர் வீடுகளில் எவரும் கேள்வி கேட்காத உண்மைபோல் நிலைத்துவிட்டது. இக்கருத்து தவறானது. எந்த அடைப்பைத் தீர்ப்பதாக நம்பி அந்தப் புட்டி வாங்கப்படுகிறதோ, அந்த அடைப்பையே அது நாளடைவில் உண்டாக்கி வளர்க்கிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்த்தரப்புக்குரிய நியாயத்தை முதலில் குறைக்காமல் எடுத்துரைக்க வேண்டும். களனி ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய மட்டக்குளி, தாழ்ந்த ஈர நிலம். துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகளின் புகையும் தூசும் அதன் வீதிகளில் ஓய்வதில்லை. 'தோட்டம்' என்று கொழும்பில் வழங்கும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒருவருக்குப் பிடித்த தடிமன் இரண்டு நாளில் வீடு முழுவதற்கும் பரவுகிறது. மூக்கடைத்தவருக்கு உறக்கமில்லை, உறங்காதவருக்கு மறுநாள் வேலை ஓடாது, நாட்கூலியாயின் வருமானமும் இல்லை. வேது பிடித்தாலும், சித்தாலேப பூசினாலும், கொத்தமல்லி அவித்துக் குடித்தாலும் ஆறுதல் கிடைக்கிறதே ஒழிய அடைப்புத் திறப்பதில்லை; மூக்குக்கு விடுகிற மருந்தோ சில நிமிடங்களில் திறக்கிறது. வைத்தியரின் துண்டு கேட்காமல் பாமசியில் கொடுக்கிறார்கள். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் காத்திருக்க ஒரு நாள் போகிறது, தனியார் நிபுணருக்குக் கொடுக்கும் பணத்தில் பல புட்டிகள் வாங்கலாம். இத்தனையையும் எடைபோட்டு ஒருவர் அந்தச் சிறு புட்டியைத் தேர்ந்தெடுத்தால் அவரை அறிவற்றவர் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இங்கே மறுப்பது அவரை அல்ல. அவருக்குச் சொல்லப்பட்ட கருத்தையே.

பேசப்படும் மருந்துகள் எவை என்பதையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஒட்ரிவின் என்ற பெயரில் பரவலாக அறியப்படும் சைலோமெட்டாசொலின், நாசிவியோன் என்ற பெயரில் வரும் ஒக்சிமெட்டாசொலின், இவற்றுக்கு முந்திய நாபசொலின், எபிட்ரீன் ஆகியவை குருதிக்கலன்களைச் சுருக்கி அடைப்பைத் திறப்பவை. உப்புநீர்த் துளிகளும், ஒவ்வாமைக்கு எழுதப்படும் ஸ்டெரொயிட் தெளிப்புகளும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. எல்லாவற்றையும் 'மூக்கு மருந்து' என்ற ஒரே பெயரில் அழைப்பதிலிருந்தே குழப்பத்தின் பாதி தொடங்குகிறது.

1. மருந்தில்லாமல் மூச்சுவிட முடியவில்லை என்பது எதற்குச் சான்று?

நோய் தீரவில்லை என்பதற்கே அது சான்று என்று மருந்தை விடுபவர் கருதுகிறார். மூக்கின் அமைப்பை அறிந்தால் அதே சான்று எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஒவ்வொரு நாசியின் பக்கச் சுவரிலும் சங்குபோல் சுருண்ட மூன்று மெல்லெலும்புத் தட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரியதான கீழ்ச்சங்கின் மேல் போர்த்திய சீதமென்சவ்வுக்குள், குருதி தேங்கி நிற்கக்கூடிய நாளக் குழிகள் நிறைந்திருக்கின்றன. அவை நிரம்பினால் சவ்வு வீங்கி வழி அடைபடும். சுருங்கினால் வழி திறக்கும். அவற்றைச் சுருக்கி வைப்பது உடலின் வேலை. நரம்பு முனைகளிலிருந்து சுரக்கும் நோரதிரனலின் என்ற பொருள் குருதிக்கலன் சுவரிலுள்ள வாங்கிகளில் பொருந்தி அந்த வேலையை இடைவிடாது செய்துகொண்டிருக்கிறது. துளி மருந்து இந்தப் பொருளைப் போல நடித்து அதே வாங்கிகளில் பொருந்துகிறது.

நாட்கணக்கில் வெளியிலிருந்து மருந்து வந்தால் இரண்டு மாற்றங்கள் நிகழ்வதாக ஆய்வாளர் விளக்குகின்றனர்: வாங்கிகளின் உணர்திறன் மங்குகிறது, உடல் தானே சுரந்த நோரதிரனலினின் அளவும் குறைகிறது. அதன்பின் மருந்தின் வேகம் தணிந்ததும், சுருக்கிப் பிடிக்க ஆளில்லாத நாளக் குழிகள் முன்னிலும் மிகுதியாக நிரம்புகின்றன. இதுவே மீள்வீக்கம். முதல் வாரத்தில் பத்து மணி நேரம் திறந்திருந்த மூக்கு பின்னர் ஆறு மணி நேரமும், பிறகு மூன்று மணி நேரமுமே திறந்திருக்கிறது. தலையணைக்கு அடியில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று என்று புட்டிகளும் பெருகுகின்றன.

இது வெறும் ஊகம் என்று தள்ளுவோருக்கு, நோயே இல்லாதவரிடம் நடந்த சோதனைகள் மறுமொழி தருகின்றன. சுவீடனில் பீட்டர் கிராஃப் குழுவினர் 1990களில் ஆரோக்கியமான மூக்குடைய தன்னார்வலருக்கு ஒக்சிமெட்டாசொலினை 30 நாள் கொடுத்தபோது, சளியோ ஒவ்வாமையோ இல்லாத அவர்களுக்கும் மீள்வீக்கம் உண்டாயிற்று. மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைட்டு அந்த வீக்கத்தை மேலும் மோசமாக்கியதையும் அவர்கள் காட்டினர். ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் நடந்து 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு மூன்று வேளை வீதம் 14 நாள் அதே மருந்தைப் பயன்படுத்தியதும் மருந்தின் பலன் மங்கி மீள்வீக்கம் தோன்றியது. நோயற்ற மூக்கை நோயுற்ற மூக்காக மாற்றியது அந்த மருந்துதான். அங்கே வேறு காரணம் தேட இடமேயில்லை.

நேர்மை கருதி எதிர்ச்சான்றையும் சொல்ல வேண்டும். இரவில் ஒரு தடவை மட்டும் நான்கு வாரம் பயன்படுத்திய சிறு குழுவொன்றில் மீள்வீக்கம் காணப்படவில்லை என்று 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. ஆனால் அது இரவில் ஒரேயொரு தடவை, கண்காணிப்போடு நடந்த பயன்பாடு. அடைக்கும்போதெல்லாம் விடுகிற வீட்டுப் பழக்கத்துக்கு அதை ஆதாரமாக நீட்ட முடியாது.

2. துண்டு இல்லாமல் கிடைப்பது தீங்கற்றதாகிவிடுமா?

பாமசியில் துண்டு கேட்காமல் கொடுப்பது, குறுகிய காலத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு கூடிய அனுமதி மாத்திரமே. மூன்று நாளுக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கப் பெட்டிகளில் அச்சிடப்படுகிறது. ஐந்து நாள், கூடினால் ஏழு நாள் என்பதே பிற நாடுகள் பலவற்றின் வழமையான வரம்பு. 'அடைப்பு இருக்கும்வரை' என்று அவற்றில் எழுதப்படுவதில்லை. கொழும்பில் விற்கும் பெட்டிக்குள்ளும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், மடித்து மடித்து வைத்த மெல்லிய தாளில், பொடி எழுத்தில் இருக்கிறது. உயர் குருதியமுக்கம், இதயநோய், குளுக்கோமா, புரஸ்டேட் வீக்கம் உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற வரியும் அதே தாளில்தான் இருக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நாபசொலின் அடங்கிய பிரைவின் துளிகளை அடிக்கடி விடுவதால் மூக்கு அடைபடுகிறது என்ற எச்சரிக்கை 1945இலேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாகியது. மறு ஆண்டில், 1946இல், மாயோ கிளினிக்கைச் சேர்ந்த லேக் என்ற வைத்தியர் இந்நிலைக்கு 'ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா', அதாவது மருந்தால் விளையும் மூக்கழற்சி என்று பெயரிட்டார். எண்பது ஆண்டுகளாக மருத்துவ நூல்கள் அறிந்துவைத்திருக்கும் ஒரு தீங்கு கொட்டாஞ்சேனைப் பாமசியின் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி வாங்குபவரிடம் வந்து சேரவில்லை என்பது பெருந்துயரம்.

இந்த நாட்டுக்கு அது பொருந்தாத துயரமும்கூட. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் சிந்தனையில் 1971இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உலகுக்கே முன்மாதிரியாகப் பேசப்பட்டது. மலிவாக மருந்து வாங்குவது அதன் ஒரு பகுதியே, தேவையான மருந்தைத் தேவையான அளவில் தேவையான காலத்துக்கு மட்டும் பயன்படுத்துவது என்ற கொள்கைதான் அதன் உயிர். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. சட்டமும் கொள்கையும் இருந்தும், எத்தனை நாள் என்ற ஒரு சொல் விற்குமிடத்தில் சொல்லப்படாவிட்டால் இரண்டும் அந்தப் புட்டியளவில் பயனற்றுப் போகின்றன.

3. இரண்டு நாசியும் எப்போதும் சரிசமமாகத் திறந்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பலர் மருந்தைக் கையிலெடுப்பது உண்மையான அடைப்புக்காகக்கூட அல்ல, ஒரு பக்கம் மந்தமாக இருக்கிறது என்பதற்காகவே. ஆனால் ஆரோக்கியமான மூக்கிலும் ஒரு பக்கச் சவ்வு வீங்க மறுபக்கச் சவ்வு சுருங்குவதும், சில மணி நேரத்தில் அது மாறுவதும் இயற்கை. கைசர் என்ற ஜெர்மன் வைத்தியர் 1895இல் இதை விவரித்தார். தமிழருக்கு இது அதற்கும் வெகுகாலம் முந்திய அறிவு. மூச்சு இடநாசிக்கும் வலநாசிக்கும் மாறி மாறி ஓடுவதைச் 'சரம்' என்று அழைத்துக் கணக்கிட்ட மரபு சித்தர்களுடையது. திருமந்திரத்தில் வாரசரம் என்று ஒரு பகுதியே உண்டு. அவர்கள் அதிலிருந்து பெற்ற முடிவுகள் எப்படியிருந்தாலும், கண்டது சரியான காட்சி. படுத்தால் கீழ்ப்பக்க நாசி கூடுதலாக அடைப்பதும் இயல்பே. மருந்துக்குப் பழகியவர் இந்த இயல்பான மாற்றத்தையும் நோயாக எண்ணித் துளி விடுகிறார்.

4. பீனிசம் என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடலாமா?

நாட்பட்ட மூக்கடைப்பு எதுவாயினும் அதைப் 'பீனிசம்' என்று சொல்லி முடிப்பதும், பீனிசம் தீராத நோய், ஆகவே துளி மருந்தும் தீராத துணை என்று ஏற்பதும் வழக்கமாகிவிட்டன. தொடக்கத்தில் ஒரு நோய் இருந்தது உண்மையாக இருக்கலாம். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த கொழும்பில், இலவம்பஞ்சுத் தலையணையிலும் பழைய மெத்தையிலும் செழிக்கும் தூசுச் சிற்றுண்ணிகள் ஒவ்வாமை மூக்கழற்சிக்கு முக்கிய காரணம். விடியற்காலையில் தொடர்தும்மலும், நீர்போல் வடியும் மூக்கும், கண் கடியும் அதன் அடையாளங்கள். மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கலாம், மூக்கினுள் தசைவளர்ச்சி இருக்கலாம். கர்ப்பகாலத்தில் ஹோர்மோன் மாற்றத்தால் தோன்றிப் பிரசவத்துக்குப்பின் தானே மறையும் அடைப்பும் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பரிகாரம். துளி மருந்து இவற்றுள் எதற்கும் பரிகாரமல்ல. ஒவ்வாமையை அது தொடுவதில்லை, வளைந்த தண்டை நிமிர்த்துவதில்லை. அது செய்வதெல்லாம், மூல நோயின் மேல் தன் வீக்கத்தையும் ஏற்றி, எது நோய் எது மருந்தின் விளைவு என்று பரிசோதிக்கும் வைத்தியருக்கும் பிரித்தறிய முடியாதபடி ஆக்குவதே.

இந்த மறைப்பு உயிராபத்தாகவும் முடியலாம். ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்திருந்து, அதே பக்கத்தில் குருதி கசிந்தால், அது மூக்குக்குள்ளோ மூக்கின் பின்புறத்திலோ வளரும் கட்டியின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அந்த அறிகுறியின் மேல் மாதக்கணக்கில் துளி விட்டுக்கொண்டிருப்பது கிடைத்த காலத்தை இழப்பதாகும்.

5. பெரியவருக்கு ஆகுமென்றால் பிள்ளைக்கும் ஆகுமா?

வாதிக்கவே இடமில்லாத புள்ளி இது. வளர்ந்தவருக்குரிய சைலோமெட்டாசொலின் துளியின் செறிவு 0.1 சதவீதம், சிறுவருக்குரியது 0.05 சதவீதம், இரண்டு புட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இம்மருந்துகள் சிறு உடலுக்குள் கூடுதலாகச் சென்றால் மூளையில் வேலை செய்து, குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி, இதயத்துடிப்பையும் மூச்சையும் மந்தமாக்க வல்லவை. கண்ணுக்கும் மூக்குக்கும் விடும் இவ்வகை மருந்துகளைத் தவறுதலாகக் குடித்த, 1 மாதம் முதல் 5 வயது வரையான 96 சிறுவரின் விவரத்தை 1985க்கும் 2012க்கும் இடையில் திரட்டிய அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், 1 முதல் 2 மில்லிலீட்டரே கடும் தீங்கு விளைவிக்கப் போதுமென்று எச்சரித்தது. ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீட்டர். தலையணைக்கு அடியில் கிடக்கும் 10 மில்லிலீட்டர் புட்டியை இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதல் மாதங்களில் பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் கைக்குழந்தைக்கு மீள்வீக்கம் ஏற்பட்டால் பாலும் குடிக்க முடியாது, மூச்சும் விட முடியாது. கைக்குழந்தையின் மூக்குக்கு உப்புநீர்த் துளி போதும்; அதிலும் தீராத மூச்சுத்திணறலுக்குப் போகவேண்டிய இடம் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, பாமசி அல்ல.

6. ஸ்டெரொயிட் தெளிப்பைவிடத் துளி மருந்து பாதுகாப்பானதா?

அச்சம் இங்கே தலைகீழாக நிற்கிறது. ஸ்டெரொயிட் என்ற சொல்லைக் கேட்டதும் உடல் ஊதும், எலும்பு தேயும் என்று அஞ்சி வைத்தியர் எழுதிய தெளிப்பை ஒதுக்கிவிட்டு, அஞ்சவேண்டிய மருந்தை நாளுக்கு எட்டுத் தடவை விடுவோர் பலர். ஒரு பிரெட்னிசொலோன் மாத்திரையில் 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம் மருந்து உண்டு. ஒரு தடவை தெளிக்கும் புளூட்டிகாசோனில் இருப்பது 50 மைக்ரோகிராம், அதிலும் குருதியில் சேர்வது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மூக்கு உலர்தல், சிறு குருதிக்கசிவு போன்ற தொல்லைகள் அதற்கும் உண்டு. பிள்ளைகளுக்கு நெடுநாள் கொடுத்தால் வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். ஆனால் அது அழற்சியைத் தணிக்கிறது, மீள்வீக்கம் தருவதில்லை. முன்னர் சொன்ன டண்டீ ஆய்வில், 14 நாளில் உண்டான மீள்வீக்கத்தை மாற்றியது மூன்று நாள் புளூட்டிகாசோன்தான். அதன் பலன் நிமிடங்களில் தெரியாது, பல நாட்கள் விடாமல் தெளித்தால்தான் முழுமையாகத் தெரியும். 'அடித்தும் ஒன்றும் நடக்கவில்லை' என்று இரண்டாம் நாளிலேயே கைவிடுவோர் இதை அறியாமலேயே கைவிடுகிறார்கள்.

7. பழகினால் விடவே முடியாது என்பது உண்மையா?

இதுதான் எல்லாவற்றிலும் கொடிய கருத்து, ஏனெனில் இது மீட்சியின் வாசலையே சாத்திவிடுகிறது. ஒரு பக்கம் 'அதில்லாமல் செத்துவிடுவேன்' என்ற அச்சம், மறுபக்கம் 'மனவுறுதி இல்லாதவர்' என்ற குடும்பத்தாரின் பழி; இரண்டும் பிழை. கஞ்சாவுக்கும் சாராயத்துக்கும் அடிமையாதல் போன்றதல்ல இது. இம்மருந்து எந்த இன்பத்தையும் தருவதில்லை, மனத்தை ஆட்கொள்வதுமில்லை. சில சதுர சென்ரிமீட்டர் சவ்வு தன் வேலையைத் தற்காலிகமாக மறந்திருக்கிறது, அவ்வளவே. மருந்து நின்றால் அது வேலையை மீண்டும் கற்றுக்கொள்கிறது.

அதற்கான வழியும் அறியப்பட்டதே. முதலில் வைத்தியரின் ஆலோசனையுடன் ஸ்டெரொயிட் தெளிப்பைத் தொடங்க வேண்டும். வலக்கையால் இடநாசிக்கும் இடக்கையால் வலநாசிக்கும், நுனியை நடுத்தண்டை நோக்காமல் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிச் சற்றே சாய்த்துத் தெளித்தால், மருந்து தண்டைப் புண்ணாக்காமல் சங்கின் மேல் படியும். பிறகு ஒரு நாசிக்கு மட்டும் துளி மருந்தை முற்றாக நிறுத்த வேண்டும். மற்ற நாசி திறந்திருப்பதால் மூச்சு முட்டுமோ என்ற பீதி எழுவதில்லை. நிறுத்திய நாசி தானாகத் திறக்கத் தொடங்கியதும், அதையே நம்பி இரண்டாவது நாசிக்கும் நிறுத்தலாம். கொதித்தாறிய நீர் ஒரு லீட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் கலந்து மூக்கைக் கழுவுவது வறட்சியையும் சளியையும் நீக்கும். குழாய்நீரை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுத்தால் நாளக் குழிகளில் குருதி தேங்குவது குறையும். முதல் மூன்று நான்கு இரவுகள் கடினமானவை என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் பெரும்பாலோருக்கு ஒன்று இரண்டு வாரங்களில் அடைப்புத் தளர்கிறது. சவ்வு முழுமையாகத் தேற இன்னும் சில வாரம் ஆகலாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குச் சில நாள் ஸ்டெரொயிட் மாத்திரையும், சங்கு நிலையாகப் பருத்துவிட்டோருக்குச் சத்திரசிகிச்சையும் உண்டு. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. விட்டவர் மறக்கக் கூடாதது ஒன்று: ஓராண்டு கழித்து ஒரு தடிமனுக்காக மீண்டும் துளியைத் தொட்டாலும், பழைய மீள்வீக்கம் இம்முறை சில நாட்களிலேயே திரும்பிவிடும்.

இவ்வளவுக்கும் பின்னர் எஞ்சும் கேள்வி, தவறான கருத்து எங்கே திருத்தப்பட வேண்டும் என்பதே. நோயாளி கிளினிக்குக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மருந்தாளரிடம் வந்துவிடுகிறார். ஆகவே இவ்வேண்டுகோள் மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மருந்தாளர்களுக்கே முதலில் உரியது: புட்டியைக் கொடுக்குமுன் அதன் மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, தொடங்கும் திகதியையும் நிறுத்தவேண்டிய ஐந்தாம் நாளின் திகதியையும் தமிழிலும் சிங்களத்திலும் பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஒரே ஆள் ஒரு மாதத்துக்குள் மூன்றாம் தடவையாக அதே புட்டியைக் கேட்டு வந்தால், கொடுப்பதற்கு முன் எத்தனை நாளாக விடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.